நாய் ஓயாமல் சொறிந்தால் எந்த இடம் என்று பாருங்கள்

"எங்கள் நாய் எந்நேரமும் சொறிகிறது, உண்ணி ஒன்றும் காணவில்லை, இது ஒவ்வாமையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் திருகோணமலைதான், உப்புவெளிப் பக்கம். உங்கள் நாய் எவ்வளவு சொறிகிறது என்பதைவிட எந்த இடத்தைச் சொறிகிறது என்று பாருங்கள்.

பாதம், காது, முகம், அக்குள், அடிவயிறு என்றால் ஒவ்வாமைச் சந்தேகம் வலுக்கும். எங்கள் நாய்க்கு வெள்ளைப் பாதம். விரல்களுக்கு நடுவே மயிர் துரு நிறமாகிவிட்டது, கழுவினாலும் போகவில்லை. நக்கி நக்கி எச்சில் ஏறிய கறை அது. விரலை விரித்தால் உள்ளே தோல் சிவந்து ஈரமாக இருந்தது. காதையும் தூக்கிப் பாருங்கள். சிவந்து, சூடாகி, புளித்த வாடை அடிக்கிறதா? மருந்துக்கு மாறி மறுபடி மறுபடி வரும் காது வருத்தம் பல நாய்களில் ஒவ்வாமையால் வருவதுதான்.

வாலடியையும் பின்முதுகையும் கடித்தால் தெள்ளு. நாயே நக்கி விழுங்கிவிடுவதால் கண்ணில் படாது. ஆனால் ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஓரிரு கடியே போதும். ஈரமான வெள்ளைத் தாளின் மேல் மயிரைச் சீவி விடுங்கள். விழும் கறுப்புத் தூளைச் சுற்றிச் செம்பழுப்பாக ஊறினால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம்.

காது ஓரமும் முழங்கையும் மயிர் கொட்டி, வீட்டு ஆட்களுக்கும் அரித்தால் அது தொற்றுச் சொறி. மிருக வைத்தியர் தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்.

வருடம் முழுக்க ஒரே மாதிரி அரித்தால் சாப்பாட்டையும் சந்தேகிக்கலாம். அதுவரை தின்னாத ஓர் இறைச்சியை மட்டும் 8 வாரம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். நம் ஊர் நாய் குட்டியிலிருந்தே மீன் தின்று வளர்ந்தது, எனவே மீன் இதற்கு உதவாது. இடையில் ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் சோதனை கெட்டுவிடும்.

கடலில் குளித்தால் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், சிவந்த தோலில் உப்பு இன்னும் எரியும். அப்புறம், தயவுசெய்து கழிவு ஒயில், மண்ணெண்ணெய் பூசாதீர்கள். தோல் வெந்துபோகும், நாய் அதை நக்கி விழுங்கவும் செய்யும். வீட்டில் இருக்கும் மனிதர் மாத்திரையும் வேண்டாம்.

புண் ஈரமாகி மணத்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். முகம் திடீரென வீங்கி, வாந்தியோ மூச்சிரைப்போ வந்தால் அந்த நிமிடமே தூக்கிக்கொண்டு போங்கள்.