கோனனைத் தமிழில் வரையலாமா?

கேள்வி: அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹோவர்ட், கோனன் என்ற வாள்வீரனை வைத்து எழுதிய கதைகளைத் தமிழில் கிராபிக் நாவலாக வரைந்து வருகிறேன். ‘ஆசிரியர் 1936-இலேயே இறந்துவிட்டார், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்’ என்கிறார் பதிப்பாளர். மாதிரிப் பக்கங்களை இணைத்துள்ளேன். வெளியிடலாமா?

- வாசகர், மதுரை

பதில்: உங்கள் பதிப்பாளர் சொல்வது பாதி சரி. வழக்கு வருவது மீதிப் பாதியில்தான்.

கதையைப் படங்களால் சொல்லும் நூலையும் ‘தழுவல்’ என்றே நமது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 2(a)(iii), குறிப்பிடுகிறது. எனவே மூலக்கதைக்கு உரிமை உயிரோடு இருந்தால் ‘நான் படம்தானே போட்டேன்’ என்று தப்ப முடியாது. ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. ஹோவர்டுக்கு எப்படிக் கணக்கிட்டாலும் அது 1996-ஐத் தாண்டாது. ஆகவே 1932 டிசம்பர் முதல் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் அவர் காலத்திலேயே அச்சான கதைகளை இந்தியாவில் தாராளமாக வரையலாம்.

அவர் இறந்த பிறகு வெளிவந்த கதைகளுக்குக் கணக்கு வேறு. பிரிவு 24-இன்படி முதல் வெளியீட்டிலிருந்துதான் 60 ஆண்டு ஓடும். நீங்கள் மூன்றாவதாக எடுத்துக்கொண்ட ‘தி வேல் ஆஃப் லாஸ்ட் விமன்’ 1967-இல்தான் முதலில் அச்சேறியது. 2027 முடியும்வரை அதைத் தொடாதீர்கள்.

அடுத்தது, எந்தப் புத்தகத்தை வைத்து வரைகிறீர்கள்? பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதியின் அட்டையில் ஹோவர்டுடன் ஸ்பிரேக் டி கேம்ப் பெயரும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டி கேம்ப் பல கதைகளைத் திருத்தினார், சிலவற்றைத் தாமே எழுதிச் சேர்த்தார். அவர் இறந்தது 2000-இல். அவர் கைபட்ட வரிகளுக்கு 2060 வரை உரிமை இருக்கிறது. இதழில் வந்த மூலத்தைத் தேடிப் பிடித்து, அதை மட்டும் பின்பற்றுங்கள்.

இனி உங்கள் பக்கங்கள். கோடுகள் அருமை, அதில் குறையில்லை. ஆனால் 14-ஆம் பக்கத்தில் சிறுவன் சங்கிலியோடு ராட்சதச் சக்கரத்தைத் தள்ளித் தள்ளி வளர்கிறானே, அது ஹோவர்டின் கதை எதிலும் கிடையாது. 1982-இல் வந்த திரைப்படத்தின் சொத்து. 22-இல் செதில் கச்சையோடு வாள் வீசும் ரெட் சோன்ஜா, 1973-இல் மார்வெல் காமிக்ஸ் உருவாக்கிய பாத்திரம். ஹோவர்டிடம் சோன்யா என்றொருத்தி உண்டு. அவளோ 1529 வியன்னா முற்றுகைக் கதையில் துப்பாக்கி ஏந்தியவள், கோனனைப் பார்த்ததே இல்லை. இரண்டு பக்கங்களையும் எடுத்துவிடுங்கள். மீறினால் பிரிவு 63-இல் குறைந்தது ஆறு மாதச் சிறை, 50,000 ரூபாய் அபராதம்.

பெயர் விஷயம் தனி. பதிப்புரிமை முடிந்தாலும் ‘கோனன்’ என்பது பல நாடுகளில் வணிகக் குறி (டிரேட்மார்க்). அச்சிடும் முன், வணிகக் குறிப் பதிவேட்டின் இணையதளத்தில் 16-ஆம் வகுப்பில், அதாவது அச்சுப் பொருட்களில், தேடிப் பாருங்கள். அட்டையில் கதையின் பெயரைப் பெரிதாகவும் ‘ராபர்ட் ஹோவர்டின் கதையைத் தழுவியது’ என்பதைச் சிறிதாகவும் போடுவது நல்லது. ஆங்கிலப் பதிப்புகளின் எழுத்து வடிவத்தை நகலெடுக்க வேண்டாம்.

மின்னூலை இப்போதைக்கு இந்தியாவுக்குள் மட்டும் விற்பனைக்கு வையுங்கள். அமெரிக்காவில், உரிமை புதுப்பிக்கப்பட்ட அக்காலக் கதைகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுக் கணக்கு. பிரான்சில் கிளேனா நிறுவனம் 2018 முதல் இதே கதைகளைச் சித்திரக்கதையாக வெளியிட்டிருப்பதை உங்கள் பதிப்பாளர் ஆதாரமாகக் காட்டலாம். அது அங்கே செல்லும், அமெரிக்க நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றாது.

ஒப்பந்தத்தில் ‘மூன்றாம் நபர் உரிமை கோரினால் ஓவியரே பொறுப்பு’ என்ற வரி இருக்கும். அதை நீக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.