‘காலனிய நீக்க தெரபி’க்கு மாறலாமா?

கேள்வி: எட்டு மாதமாக ஒரு உளப்பகுப்பாய்வாளரிடம் போகிறேன். அம்மாவைக் கேட்காமல் எதையும் முடிவு செய்ய மாட்டேன் என்றதற்கு, அது ‘முதிர்ச்சியின்மை’ என்கிறார். இதெல்லாம் வெள்ளைக்காரர் உளவியல், ‘காலனிய நீக்க தெரபி’க்கு வாருங்கள் என்று ஆன்லைனில் ஒருவர் அழைக்கிறார். மூன்று மாதப் பேக்கேஜ், முழுப் பணமும் முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். மாறலாமா?

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். உங்கள் சந்தேகம் நியாயமானது, ஆனால் அதற்கு விடை அந்தப் பேக்கேஜில் இல்லை.

காலனிய நீக்கம் என்றால் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டைத் தூக்கிப் போடுவது என்று சிலர் விற்கிறார்கள். விஷயம் அதைவிட எளிது: இந்த அளவுகோலை யாரைப் பார்த்துச் செய்தார்கள், என்னை அது சரியாக அளக்குமா என்று கேட்பது. காலனியத்தை எதிர்த்து எழுதிய மனநல மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபனோன் 1953 முதல் அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனையில் வேலை பார்த்தார். படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லும் டிஏடி சோதனை அங்கே முஸ்லிம் பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது. படங்களில் இருந்ததோ மேலைநாட்டு வாழ்க்கை. அவர்கள் கதை சொல்லவில்லை. கண்ணில் பட்டதை ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். ‘கற்பனை வறட்சி’ என்று எழுதி ஃபைலை மூடியிருக்கலாம். ஆனால் எதுவும் வரையாத வெற்று அட்டையைக் கொடுத்ததும் கதைகள் வந்தன. 1956இல் ஃபனோனும் அவருடன் வேலை பார்த்த ஷார்ல் ஜெரோனிமியும் இதைப் பதிவு செய்தார்கள். கோளாறு பெண்களிடம் இல்லை, படம் போட்ட அட்டையில் இருந்தது.

உங்கள் சிகிச்சை அறையிலும் இதையே சோதியுங்கள். அடுத்த செஷனின் முதல் பத்து நிமிடத்தில், “அம்மாவைக் கேட்பதை எதை வைத்து முதிர்ச்சியின்மை என்கிறீர்கள்?” என்று நேராகக் கேளுங்கள். “அம்மா வேண்டாம் என்றால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?” என்று அவர் திருப்பிக் கேட்டால் அது ஆராய்ச்சி, நல்ல அறிகுறி. “இந்த வயதிலுமா?” என்றால் அது தீர்ப்பு. நீங்கள் மறுத்துப் பேசும் ஒவ்வொன்றுக்கும் ‘எதிர்ப்பு’ (உண்மையை ஏற்க மனம் மறுக்கிறது) என்று பெயர் வைத்தால், அவர் தோற்கவே முடியாத ஆட்டம் ஆடுகிறார். இன்னொன்று, அம்மா சொன்னதை அம்மாவின் மொழியிலேயே சொல்லுங்கள். மொழிபெயர்த்துச் சொன்னால் அம்மாவின் திட்டு வெறும் அறிக்கையாகிவிடும்.

கேள்வித்தாள் நிரப்பச் சொன்னால், அதன் சராசரி மதிப்பெண் எந்த மக்களிடம் எடுத்தது என்று கேளுங்கள். சோகத்தைக் குறிக்கும் ஆங்கில ‘ப்ளூ’வை ‘சோர்ந்து நீலமாக இருக்கிறேன்’ என்ற ரீதியில் மொழிபெயர்த்துவிட்டு, இத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் நோய் என்னும் வெட்டுப்புள்ளியை மட்டும் அப்படியே வைத்திருப்பார்கள். அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம்-5, 2013இலேயே 16 கேள்விகள் கொண்ட பண்பாட்டு நேர்காணல் ஒன்றைத் தந்துவிட்டது. உங்கள் பிரச்சினையை வீட்டாரிடம் எப்படிச் சொல்வீர்கள், காரணம் என்று எதை நினைக்கிறீர்கள் என்று அது கேட்கிறது. எத்தனை பேர் கேட்கிறார்கள்? முதல் சந்திப்பிலேயே நோய்க்கு ஒரு பெயர் எழுதிவிடும் அவசரத்தில் கேட்க நேரம் ஏது?

ஒரு விலக்கு. குடும்பத்தைச் சார்ந்திருப்பது நோயல்ல. ஆனால் வீட்டில் அடி இருந்தால், போனைப் பறித்தால், உங்கள் சம்பளத்தை உங்களிடம் தராவிட்டால் இந்தப் பேச்சு செல்லாது. அங்கே ‘நம் பண்பாடு’ என்பவர் அடிப்பவரின் வக்கீல். அடிப்பது எப்போதாவதுதான், பாசமும் உண்டு என்றாலும் செல்லாது. கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு ‘வருத்தப்படுவார்’ என்பது ஒரு பதில், ‘வெளியே விடமாட்டார்’ என்பது வேறு பதில். இரண்டாவது உங்கள் பதில் என்றால் சிகிச்சையாளரிடம் அதை முதலில் சொல்லுங்கள்; பண்பாட்டு விவாதத்தைப் பிறகு பார்க்கலாம்.

பேக்கேஜ்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: அடிப்படைத் தகுதி என்ன, மேற்பார்வையில் எத்தனை மணி நேரம் சிகிச்சை கொடுத்திருக்கிறார், இப்போது அவரை மேற்பார்ப்பவர் யார். இரண்டு நாள் ஒர்க்‌ஷாப் சான்றிதழைக் காட்டுகிறவர்கள்தான் ‘காலனிய நீக்கம்’ என்று அதிகம் கூவுகிறார்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

இப்போதைய சிகிச்சையாளருக்கு இன்னும் நான்கு செஷன் கொடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தாராளமாக வேறொருவரிடம் போங்கள். சொல்லாமல் நழுவ வேண்டாம். ஏன் போகிறீர்கள் என்று கடைசி செஷனில் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள், அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னாலும் சரி.