சென்சாரை மாத்துறதுக்கு முன்னாடி ஹோஸைப் பாருங்க

கேள்வி (ராயபுரம்): சார், என் பிஎஸ்6 டீசல் கார்ல செக் இன்ஜின் லைட் எரியுது, பிக்கப் சுத்தமா இல்லை. ஸ்கேன் பண்ணினா பி2453. எக்ஸாஸ்ட் பிரஷர் சென்சாரை மாத்தணும்னு சொல்றாங்க. மாத்திடலாமா?

அவசரப்படாதீங்க. சென்சார் தரும் அளவு நம்பும்படி இல்லை என்பது மட்டும்தான் பி2453 என்ற கோளாறு எண் (கோடு) சொல்லும் சேதி. டிபிஎஃப் என்கிற புகை ஃபில்டருக்கு முன்னால் ஒரு குழாய், பின்னால் ஒரு குழாய். பெரும்பாலான வண்டிகளில் இரண்டுக்கும் நடுவே உள்ள அழுத்த வித்தியாசத்தைத்தான் சென்சார் அளக்கிறது. வித்தியாசம் கூடினால் ஃபில்டரில் கரி சேர்ந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். குழாயில் கோளாறு என்றால் நல்ல சென்சாரும் பொய்தான் சொல்லும்.

சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்டார்ட் பண்ணாமல், ஸ்கேனரில் லைவ் டேட்டா, அதாவது சென்சார் அந்த நேரத்தில் தரும் அளவைப் பாருங்கள். அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அப்போதே எண் ஏறி நின்றால் சென்சாரையோ வயரிங்கையோ சந்தேகப்படலாம். பூஜ்யம் சரியாக இருந்தால் ஸ்டார்ட் செய்து ரேஸ் கொடுங்கள். ஆர்பிஎம் ஏற ஏற அளவும் ஏறி, காலை எடுத்ததும் இறங்க வேண்டும். அசையாமல் நின்றால் குழாய் அடைத்திருக்கும், இல்லை கழன்றிருக்கும்.

ஹோஸை மேலாகப் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். கிளாம்பைத் தளர்த்தி வளைத்துப் பாருங்கள். அடியில் மயிரிழை விரிசலும் அதைச் சுற்றிக் கருப்புப் பொடியும் தெரியும். ஃபில்டர் பக்கத்து இரும்புக் குழாயில் கரியும் துருவும் இறுகிக்கிடக்கும். கம்ப்ரஸர் காற்று அடிப்பதானால் சென்சாரிலிருந்து ஹோஸைக் கழற்றிவிட்டு அடியுங்கள். கழற்றாமல் அடித்தால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு போய்விடும். அப்புறம் நிஜமாகவே புது சென்சார் வாங்க வேண்டியதுதான்.

கேள்வி (திருவொற்றியூர்): தினமும் காசிமேடு வரைக்கும்தான் ஓட்டுறேன். கன்டெய்னர் லாரிக்குப் பின்னாடியே ஊர்ந்து போறேன். ஃபில்டர் லைட் திரும்பத் திரும்ப வருது. சென்சார் கோளாறா?

சென்சார் பாவம், அது உள்ளதைச் சொல்கிறது. கரி எரிய ஃபில்டரில் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலை நெரிசலில் அது வராது. ஞாயிறு காலை மாதவரம் தாண்டி, செங்குன்றம் வழியாகக் கும்மிடிப்பூண்டி பக்கம் இருபது நிமிடம் நிற்காமல், ஆர்பிஎம் 2000-க்குக் குறையாமல் ஓட்டுங்கள். அதற்கு முன் இன்ஜின் ஆயில் குச்சியைப் பாருங்கள். பாதியில் நின்றுபோன ரீஜெனரேஷனால், அதாவது கரியை எரித்து ஃபில்டரைச் சுத்தம் செய்யும் வேலையால், டீசல் ஆயிலில் கலந்து மட்டம் ஏறியிருக்கலாம். ஏறியிருந்தால் ஓட்டாமல் முதலில் ஆயிலை மாற்றுங்கள். லைட் விட்டுவிட்டு மின்னினாலோ வண்டி இழுக்காவிட்டாலோ நேராக ஒர்க்‌ஷாப்தான்.

கேள்வி (எண்ணூர்): மழைத் தண்ணியில வண்டி நின்னுச்சு. இப்போ பி2455.

அது சிக்னல் வோல்ட் அதிகமாக வருகிறது என்பதற்கான கோடு. கனெக்டரைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் உலோகப் பின்கள் பச்சை பூத்திருக்கும், கடலோர உப்புக் காற்றுக்கு அது வழக்கம். கான்டாக்ட் கிளீனர் போதும், உப்புத்தாள் வேண்டாம். சாவி ஆனில் ஒரு வயரில் 5 வோல்ட் வர வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும். இரண்டும் இருந்து, சிக்னல் வயரும் அறுபடாமல் இருந்தால்தான் சென்சார் மேல் பழி.

கேள்வி (வியாசர்பாடி): ஃபில்டரையே எடுத்துட்டு டியூனிங் பண்ணிடலாம்ங்கிறாங்களே?

வேண்டாம். வண்டியின் அமைப்பை இப்படி மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு விடாது. தெருவில் பிள்ளைகள் மூச்சும் விட வேண்டும்.

கேள்வி (பெரம்பூர்): புது சென்சார் போட்டும் லைட் போகலை.

மூன்று விஷயம் பாருங்கள். இரண்டு ஹோஸும் இடம் மாறிப் போட்டிருக்கிறதா? சில வண்டிகளில் புது சென்சாரை ஸ்கேனர் வழியாகப் பதிந்து பூஜ்யம் வைக்க வேண்டும், செய்தார்களா? கடைசியாக, ஆறிய சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். ஃபில்டர் நன்றாக இருந்தால் விரல் ஏறக்குறைய சுத்தமாக வரும். மை தடவியதுபோல் வந்தால் ஃபில்டர் உள்ளே உடைந்திருக்கலாம். உடைந்த ஃபில்டரைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.