உள் அறைக் கதவுக்கு வேப்ப மரம் ஆகுமா?

கேள்வி: வீடு கட்டுவதற்காகக் கொல்லையில் நின்ற வேப்ப மரத்தைப் போன மாசம் வெட்டினோம். நல்ல பருமன். தலைவாசலுக்குத் தேக்கு வாங்கியாகிவிட்டது. உள் அறைகளுக்கு இந்த வேம்பிலேயே கதவு செய்ய ஆசை. ‘வேம்பு கோணிக்கும், தேக்கே போடுங்கள்’ என்கிறார் ஆசாரி. என்ன செய்யலாம்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகச் செய்யலாம் அம்மா. ஆனால் இப்போதே வேண்டாம். ஆசாரியின் பயம் நியாயம்தான். பச்சையாக இருக்கும்போது செய்தால் தேக்கும்கூட ஏமாற்றும். வெயிலும் மழையும் படாத அறைக் கதவுக்குத் தேக்கு கட்டாயமே இல்லை. தஞ்சைப் பக்கத்துப் பழைய வீடுகளில் வேம்பிலும் பலாவிலும் செய்த கதவுகளைப் பழுது பார்த்திருக்கிறேன். கீல் தேய்ந்திருக்கும், மரம் அப்படியே இருக்கும்.

முதலில் மரத்தை அறுத்துவிடுங்கள். கதவைச் சுற்றி வரும் சட்டத்துக்கு இரண்டங்குலக் கனம், நடுப்பலகைக்கு ஓரங்குலம். காற்றோட்டமான நிழலில், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே குறுக்கே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்குங்கள். முனைகளில் பெயின்ட் அடித்தால் வெடிப்பு குறையும். ஓரங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. அடுக்கில் ஒரு பலகையை அடையாளம் வைத்து மாசாமாசம் எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. அவ்வளவு பொறுக்க முடியாதென்றால், சூளையில் காயவைத்துத் தரும் மில்லுக்குக் கொடுக்கலாம். சுவர் வேலை நிற்காமலிருக்க, கதவு நிலைகளை மட்டும் காய்ந்த கோங்கிலோ வேங்கையிலோ வாங்கிப் பதித்துவிடுங்கள். கதவு பிறகு வரட்டும்.

வேம்பு முறுக்கு நார் உள்ள மரம், இழைக்கும்போது பிய்க்கும். அதனால் அகலப் பலகை வேண்டாம். சட்டம் கூட்டிச் சின்னச் சின்னப் பலகைகளாகக் கோக்கச் சொல்லுங்கள். அந்தப் பலகைகள் சட்டத்தில் வெட்டிய காடியில் (பள்ளத்தில்) சும்மா உட்கார வேண்டும், பசையோ ஆணியோ கூடாது. ஐப்பசி மழையில் அகலவாட்டில் ஊதும், சித்திரையில் சுருங்கும். அதற்கு இடம் விடாவிட்டால் பலகை நடுவில் பிளக்கும். கதவின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் கண்ணில் படாததால் பெயின்டர்கள் விட்டுவிடுவார்கள். ஈரம் அங்கேதான் ஏறும். மாட்டுவதற்கு முன்பே இரண்டு விளிம்பிலும் அடித்துவிடச் சொல்லுங்கள்.

அறுக்கும்போது வெளிப்புற வெளுத்த பகுதியைக் கழித்துவிடுங்கள், வண்டு முதலில் துளைப்பது அதைத்தான். கடையில் வாங்கும் தேக்குக்கும் இதுவே விதி.

குளியலறைக்கு மட்டும் மரம் வேண்டாம். பி.வி.சி. அல்லது எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்) கதவு போட்டுக்கொள்ளுங்கள்.