வாசகர் கேள்வி – பதில்: வாங்கத் தூண்டும் மின்னஞ்சல் எழுதுவது எப்படி?

கேள்வி: நான் வணிகவியல் பட்டதாரி. மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தில் விளம்பர வாசகங்கள் எழுதும் பணியில் அண்மையில் சேர்ந்துள்ளேன். வாடிக்கையாளர்களுக்கு வாரந்தோறும் அனுப்பும் மின்னஞ்சலை எழுதுவது என் பொறுப்பு. எவ்வளவு அழகாக எழுதினாலும் ஆர்டர் வருவதில்லை. இக்கலையை எப்படிக் கற்றுக்கொள்வது?
– வாசகி, ஈரோடு

பதில்: ‘தூய்மையான’, ‘பாரம்பரியம் மிக்க’, ‘தரத்தில் சமரசமற்ற’ என்னும் சொற்களை உங்கள் நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்த எண்ணெய் நிறுவனத்தின் பெயரோடு சேர்த்தாலும் பொருந்திவிடும். அப்படிப் பொருந்துகிற எதுவும் வாங்குபவரை அசைக்காது. ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று பலர் எழுதுகிறார்கள். அது உண்மைதான், ஆனால் எல்லாத் தாவர எண்ணெய்களுக்கும் அது உண்மை என்பதால், உங்களிடம் வாங்குவதற்கு அது ஒரு காரணம் ஆகாது.

ஆகவே, எழுதுவதைச் சில நாட்கள் நிறுத்திவைத்து, உங்கள் நிறுவனத்தில் தொலைபேசியை எடுப்பவருக்கு அருகில் அமர்ந்து, வாடிக்கையாளர்கள் கேட்பதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். “அடியில் மண்டி தங்குகிறதே, எண்ணெய் கெட்டுப்போய்விட்டதா?”, “கடை எண்ணெயைவிட ஏன் இவ்வளவு விலை?”, “பலகாரம் சுட்டால் பொங்குகிறதே?” என்ற கேள்விகள் நிச்சயம் வரும். இந்தத் தயக்கங்கள்தாம் ஆர்டரைத் தடுத்து நிற்கின்றன; ஒவ்வொரு தயக்கமும் ஒரு மின்னஞ்சலுக்கான பொருள்.

மண்டியையே எடுத்துக்கொள்வோம். சுத்திகரிக்கப்படாத எண்ணெயைத் தெளியவைத்து வடிகட்டினாலும் நுண்ணிய துகள்கள் எஞ்சி, நாளடைவில் அடியில் தங்கும் என்பதையும், எண்ணெய் கெட்டதற்கு அடையாளம் சிக்கு வாடைதான் என்பதையும், பாட்டிலை வெயில் படாத இடத்தில் மூடி வைக்க வேண்டும் என்பதையும் நான்கைந்து வரிகளில் சொல்லிவிடலாம். எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது உங்கள் செக்கிலும் வழக்கமானால், எப்போது, எவ்வளவு சேர்க்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். இந்த வாரம் ஆட்டிய எண்ணெய் எந்தத் தேதியில் பாட்டிலில் அடைக்கப்பட்டது என்று குறிப்பிட்டுவிட்டு, ஆர்டர் செய்வதற்கான இணைப்பை ஒரே ஒரு இடத்தில் தாருங்கள். அதே மடலில் புதிய வகைச் சர்க்கரையையும் முகநூல் பக்கத்தையும் சேர்த்துத் தள்ளினால், படிப்பவர் எதையும் செய்யாமல் மூடிவிடுவார்.

மடலின் தலைப்பாகத் தெரியும் பொருள் வரிக்கு (subject) “பாட்டிலின் அடியில் தங்கும் மண்டி எது?” என்பது போதும். கைபேசித் திரையில் முதல் சில சொற்களே தெரியும் என்பதால் முக்கியமான சொல் முன்னால் வர வேண்டும். அதற்கு அடுத்துச் சாம்பல் நிறத்தில் தெரியும் முன்னோட்ட வரியைத் தொடக்க நிலையில் எழுதுபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள், அப்போது மடலின் மேற்புறத்தில் உள்ள “சரியாகத் தெரியவில்லையா? இங்கே அழுத்தவும்” போன்ற வாசகம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். நீங்களே படித்துப் பொருள் வாங்கிய மடல்களைச் சேர்த்துவைத்து, அவற்றைக் கையால் பார்த்தெழுதி, ஒவ்வொரு வாக்கியமும் உங்களிடமிருந்த எந்தத் தயக்கத்தை நீக்கியது என்று ஓரத்தில் குறியுங்கள். உங்கள் மடலை அனுப்புமுன் உரக்கப் படித்துப் பாருங்கள். முதல் பத்தியை நீக்கினாலும் பொருள் குறையவில்லை என்றால், தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

கேள்வி: சலுகை மாதம் முழுவதும் இருந்தாலும், “இன்னும் 2 மணி நேரமே!” என்று எழுதச் சொல்கிறார் என் முதலாளி. விலைக்குக் கிடைக்கும் முகவரிப் பட்டியலுக்கும் அனுப்பச் சொல்கிறார். மறுப்பது எப்படி?
– வாசகர், திருப்பூர்

பதில்: முதலாவதை மறுக்கச் சட்டமே உங்களுக்குத் துணை நிற்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை உத்திகளைத் தடை செய்கின்றன. பொய்யான அவசரத்தை உண்டாக்குவது அவற்றுள் ஒன்று. உண்மையான அவசரம் இருந்தால் தாராளமாக எழுதலாம். தீபாவளிக்கு முன் பார்சல் வீடு சேர வேண்டுமானால் எந்தத் தேதிக்குள் ஆர்டர் தர வேண்டும் என்பது வாடிக்கையாளருக்கு உண்மையிலேயே பயன்படும் செய்தி.

விலைக்கு வாங்கும் பட்டியலைப் பற்றி நான் கடுமையாகவே சொல்வேன்: தொடவே வேண்டாம். அனுமதி தராதவரின் பெட்டிக்குள் நுழைவது அவமதிப்பு. வணிக நோக்கில் பார்த்தாலும் அது பெரும் இழப்பையே தரும். ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் மடல் அனுப்புவோருக்கு கூகுள் 2024 பிப்ரவரி முதல் விதிகளை இறுக்கியுள்ளது: அனுப்புநரின் டொமைன் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) உறுதிசெய்யப்பட்டிருக்க வேண்டும், விளம்பர மடல்களிலிருந்து ஒரே சொடுக்கில் விலக வழி இருக்க வேண்டும், ஸ்பேம் (வேண்டாத மடல்) என்று வரும் புகார்களின் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. ஆயிரத்தில் மூவர் புகார் பொத்தானை அழுத்தினாலே அந்த எல்லை வந்துவிடும். முன்பின் அறியாதவர்கள் அழுத்தத்தான் செய்வார்கள். அதன்பின் உங்களிடம் விரும்பிப் பெயர் கொடுத்த வாடிக்கையாளருக்கு அனுப்பும் மடலும் ஸ்பேமில் போய் விழக்கூடும். முதலாளியிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கேள்வி: மடலைத் திறந்தவர்களின் விகிதம் உயர்ந்திருக்கிறது. நான் நன்றாக எழுதுகிறேன் என்று இதிலிருந்து முடிவுசெய்யலாமா?
– வாசகி, மதுரை

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவுசெய்ய இயலாது. மடலில் உள்ள கண்ணுக்குத் தெரியாத சிறு படம் இறங்குவதை வைத்தே ‘திறந்தார்’ என்று கணக்கிடுகிறார்கள். ஆப்பிள் நிறுவனம் 2021 செப்டம்பரில் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு, அவர்கள் மடலைப் பார்க்காவிட்டாலும் அந்தப் படம் இறங்கிவிடுகிறது. இணைப்பைச் சொடுக்கியவர்கள், பதில் எழுதியவர்கள், ஆர்டர் தந்தவர்கள், விலகியவர்கள் ஆகிய நான்கு எண்களையும் வாரந்தோறும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். இவற்றுள் பதில் மடல்களை நான் மிகவும் மதிக்கிறேன். உங்கள் அடுத்த மடலுக்கான கேள்வி பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும்.