பதில்: ஒஸ்லோவிலிருந்து தொடங்குங்கள்
இஸ்ரேல்-பாலஸ்தீனப் பேச்சுவார்த்தையில் சாதாரணக் குடிமக்களால் என்ன ஆகும் என்று பட்டிமன்றத்தில் எதிரணி கேட்டதும் வாயடைத்து நின்றதாக எழுதியிருந்தீர்கள். மனம் தளர வேண்டாம். 1992 டிசம்பரில் ஹைஃபா பல்கலைக்கழக விரிவுரையாளர் யாயிர் ஹிர்ஷ்ஃபெல்ட், எந்த அரசுப் பதவியும் இல்லாதவர், லண்டனில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் அகமது குரேயைச் சந்தித்தார். அந்த இயக்கத்தாரோடு பேசுவதே அன்று இஸ்ரேலியச் சட்டப்படி குற்றம். அபி நாதன் என்ற அமைதிப் போராளி அதற்காகச் சிறை சென்றவர். எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! அந்தப் பேச்சு நார்வேயில் ரகசியமாகத் தொடர்ந்து, 1993 செப்டம்பர் 13 அன்று வாஷிங்டனில் ஒஸ்லோ ஒப்பந்தமாகக் கையெழுத்தானது. ஒப்பந்தம் நிலைக்கவில்லை என்பதை எதிரணி எடுப்பதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள். பிறகு, பிள்ளைகளைப் பறிகொடுத்த இரு தரப்புப் பெற்றோரும் 1995-இல் தொடங்கப்பட்ட ஒரே அமைப்பில் சேர்ந்து இயங்குவதைச் சொல்லுங்கள்.