சாலை 40 அடி. ஆனால் எங்கே போய் முட்டுகிறது?

கேள்வி: ஊருக்கு வெளியே புது லேஅவுட்டில் மனை பார்த்திருக்கிறோம். மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப் அங்கிருந்தே கண்ணுக்குத் தெரிகிறது. நடந்தால் இருபது நிமிடம். பின்னாளில் குறுக்குவழி வந்துவிடும் என்கிறார் புரமோட்டர். நம்பலாமா?

பதில்: வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். வயலை வாங்கியவர் தன் புல எண்களுக்குள் (சர்வே எண்) மட்டுமே சாலை போடுவார். எல்லை வந்ததும் சாலை நின்றுவிடும். பக்கத்து லேஅவுட்காரர் தன் சாலையைப் பயன்படுத்திவிடக் கூடாது என்று ஓரத்தில் ஓரடி நிலத்தைத் தன் பெயரிலேயே நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. ஊர் இப்படித் துண்டு துண்டாக வளர்ந்தால் முட்டுச் சந்துகள்தான் பெருகும்.

முதலில் சாலைத் தூரத்தை நேர்க்கோட்டுத் தூரத்தால் வகுங்கள். கட்டம் கட்டமாகப் போட்ட தெருக்களில் இது ஏறக்குறைய 1.41-ஐத் தாண்டாது. உங்களுக்கு 400 மீட்டருக்கு 1,600 மீட்டர் என்றால் 4. நடுவே ஓடையோ ரயில் பாதையோ இல்லாமல் இந்த எண் வந்தால், குறுக்கே சுவர் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, சந்திப்புகளை எண்ணுங்கள். முட்டுச் சந்துக்கு 1, முச்சந்திக்கு 3, நாற்சந்திக்கு 4. எட்டு முட்டு, பத்து முச்சந்தி, இரண்டு நாற்சந்தி என்றால் மொத்தம் 46. இருபதால் வகுத்தால் 2.3. இது மோசம், 3-க்கு மேல் வந்தால் நல்லது. எதிரெதிரே முட்டி நிற்கும் இரண்டு தெருக்களை இணைத்துப் பாருங்கள்: இரண்டு முட்டுகள் கணக்கிலிருந்து போய்விடும், 44-ஐப் பதினெட்டால் வகுக்க, 2.44. ஒரே ஒரு சுவர் செய்கிற வேலை இது! அமெரிக்காவில் புதுத் தெருக்களின் இந்தச் சராசரி 1990-களின் நடுப்பகுதி வரை சரிந்து, பிறகு ஏறத் தொடங்கியதாக ஆய்வாளர்கள் பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் இருவரும் 2015-இல் காட்டினார்கள்.

முட்டுச் சந்தில் வாகனத் தொல்லை குறைவு, உண்மைதான். ஆனால் குப்பை வண்டி ரிவர்ஸிலேயே வர வேண்டும். குடிநீர்க் குழாயின் கடைசி முனையில் தண்ணீர் தேங்கும்.

முன்பணம் கொடுக்கும் முன் மூன்று தாள்களைக் கேளுங்கள்: அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம், சாலைகளை உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரம், உங்கள் புல எண்ணுக்கும் அடுத்த புல எண்ணுக்குமான புலப்படம் (நில அளவை வரைபடம்). புலப்படத்தில் வண்டிப்பாதைப் புறம்போக்கு இருந்தால் குறுக்குவழிக்கு வாய்ப்புண்டு. வரைபடத்தில் சாலை எல்லைக்கோட்டைத் தொட்டு நிற்கிறதா, அதற்கு ஓரடி முன்பே நின்றுவிடுகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். தொட்டு, தானப் பத்திரத்திலும் அதே அளவு இருந்தால், அந்த இடத்தில் யார் சுவர் எழுப்பினாலும் ஆக்கிரமிப்புதான். உள்ளாட்சியிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். தொடாவிட்டால், பஸ் ஸ்டாப் 1,600 மீட்டர் என்று வைத்தே விலை பேசுங்கள்.